துங்குவின் முதல் அரசு: தோட்டத்துக்கு வந்ததும் வராமல் போனதும்

நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானை நாம் பெரும்பாலும் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் கையை உயர்த்தி நிற்கும் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். ஆகஸ்டு 31 வந்தால் பத்திரிகைகளில் அந்தப் படம் வரும். அதற்கு முன்பு அவர் கெடாவில் பல ஆண்டுகள் மாவட்ட அதிகாரியாக இருந்தவர் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. கூலிம், பாடாங் தெராப், லங்காவி, சுங்கைப்பட்டாணி என்று மாற்றலாகி மாற்றலாகி வேலை பார்த்தார். பால் வெட்டிப் பிழைத்த நம் பாட்டன்மார் வாழ்ந்த அதே வட்டாரத்தில்தான் அவரும் இருந்தார். பின்னாளில் அவர் தலைமையில் அமைந்த அரசு நமக்கு எதைத் தந்தது, எதைத் தராமல் விட்டது என்று பார்ப்பதற்கு இந்தக் கெடாக் கதையிலிருந்து தொடங்குவதே சரி.

1903ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அலோர்ஸ்டாரில் பிறந்தார். தந்தை சுல்தான் அப்துல் ஹமிட் ஹலிம் ஷா. தாயார் சயாம் நாட்டைச் சேர்ந்த சே மஞ்சலாரா. அப்போது கெடா சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. 1909இல்தான் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. அரண்மனையில் பிறந்தாலும் அங்கே பல மனைவியர், பல பிள்ளைகள். அவர் பட்டத்துக்கு உரியவராக வளர்க்கப்பட்டவர் அல்லர். கொஞ்ச காலம் பாங்காக்கில் படித்தார், பிறகு பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்தார். கெடா அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போனார். பட்டம் வாங்கினார். சட்டப் படிப்பை முடிக்காமலேயே திரும்பினார். கார், குதிரைப் பந்தயம், நண்பர் கூட்டம் என்று இங்கிலாந்தில் நாளைக் கழித்ததைப் பின்னாளில் அவர் மறைத்ததே இல்லை.

1931இல் கெடா அரசுப் பணியில் சேர்ந்தார். அது ரப்பர் விலை தரைக்கு வந்துவிட்ட நேரம். 1930 முதல் 1932 வரை மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களை வேலை இல்லை என்று கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூலிம் வட்டாரத் தோட்டங்களிலும் இதுதான் நிலைமை. ஆனால் மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த இளம் அதிகாரிக்கு இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. நிலப் பட்டா, வரி, கம்பத்து வழக்குகள் இவைதான் மாவட்ட அதிகாரியின் வேலை. தோட்டத்தில் துரை வைத்ததுதான் சட்டம். அதற்கு மேல் ஏதாவது வந்தால் தொழிலாளர் இலாகா பார்க்கும். அரசாங்கம் தோட்டத்து வாசல்வரை வரும், அங்கேயே நின்றுவிடும். இந்த வாசலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது அங்கேயேதான் இருந்தது.

பாடாங் தெராப் அப்போது மலேரியாக் காடு. அவருடைய முதல் மனைவி மலேரியாக் காய்ச்சலில்தான் இறந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகள் தாயில்லாமல் நின்றன. சுகக்காரர் என்று பெயர் வாங்கிய மனிதர் கெடாவின் மண்ணையும் கொசுவையும் அறியாதவர் அல்லர் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கினார்கள். துங்கு அப்போது கூலிம் மாவட்ட அதிகாரி. நோயுற்றிருந்த வயதான சுல்தானைப் பினாங்குக்குக் கொண்டுபோய் அங்கிருந்து வெளியேற்றுவது பிரிட்டிஷாரின் திட்டம். மக்கள் இங்கே குண்டுக்கடியில் கிடக்க, சுல்தான் நாட்டை விட்டுப் போனார் என்ற பேச்சு வரக்கூடாது என்று துங்கு நினைத்தார். வழியிலேயே காரைத் திருப்பித் தந்தையைக் கூலிம் பக்கம் கொண்டுபோய்விட்டார். மேலிடத்து உத்தரவை மீறிய செயல் அது. அவருடைய அரசியல் குணம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. விதிமுறையைவிட மனத்துக்குச் சரி என்று பட்டதையே நம்பினார். அதை நயமாக, சிரித்த முகத்தோடு செய்து முடித்தார்.

ஜப்பானியர் காலத்தில் நம்மவர்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் இல்லாத தோட்டம் கெடாவில் அரிது. 1943இல் ஜப்பானியர் கெடாவைச் சயாமிடம் கொடுத்துவிட்டார்கள். அப்போது துங்கு அலோர்ஸ்டாரில் கல்வி இலாகாப் பொறுப்பில் இருந்தார். ரயில் பாதையிலிருந்து தப்பியும் நொந்தும் எலும்பும் தோலுமாக எல்லை தாண்டி வந்தவர்களுக்குத் தங்க இடமும் சோறும் கிடைக்க அவரும் அவரது நண்பர்களும் ஏற்பாடு செய்தார்கள். அப்படி வந்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அந்த நேரத்தில் அது ஆபத்தான காரியம். யாரும் கேட்டு அவர் செய்ததல்ல.

போர் முடிந்ததும், 1946 இறுதியில், விட்ட சட்டப் படிப்பை முடிக்க மீண்டும் லண்டன் போனார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவர் அங்கே படித்துக்கொண்டிருந்த 1947இல்தான் கெடாத் தோட்டங்கள் கொதித்தன. ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடை மறியல் நடந்தது. சம்பளத்துக்கும் மரியாதைக்கும் போராட்டம் நடந்தது. பீடோங், புக்கிட் செம்பிலான், டப்ளின் என்று போலீசார் தொழிலாளர்கள்மீது பாய்ந்த இடங்களின் பெயர்கள் இன்னும் நம் கிழவர்கள் வாயில் இருக்கின்றன. உயிர்களும் போயின. மறுவருடம் அவசரகாலம் வந்தது. அந்த எழுச்சியின் சுவடே தெரியாமல் அடக்கப்பட்டது. தோட்டத் தமிழன் தனக்காகத் தானே பேசிய அந்த ஒரு வருடத்தைத் துங்கு நேரில் பார்க்கவில்லை. பின்னாளில் நம்மவர்களை அவர் அறிந்தது பெரும்பாலும் தலைவர்கள் வழியாகத்தான். இதை நான் குறையாகவே எண்ணுகிறேன்.

1949இல் வழக்கறிஞராகத் திரும்பினார். 1951 ஆகஸ்டில் டத்தோ ஓன் ஜாபார் அம்னோவை விட்டு விலக, தலைவர் பதவி இவரைத் தேடி வந்தது. அப்போது கட்சியிடம் பணமும் இல்லை, பெரிய நம்பிக்கையும் இல்லை. 1952இல் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்தன. 1954இல் ம.இ.கா. சேர்ந்தது. கூட்டணி பிறந்தது. 1955இல் ம.இ.கா.வின் தலைவராக வந்தவர் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தோட்டத்து மக்களோடு தமிழிலேயே பேசிப் பழகியவர். துங்குவுக்கும் அவருக்கும் இருந்த நெருக்கத்தின்மீதுதான் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு நம் அரசியல் நின்றது.

1955 ஜூலைத் தேர்தலில் வாக்காளர்களில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். இந்தியர் மிகச் சொற்பம், ஏனென்றால் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. அப்படி இருந்தும் 52 தொகுதிகளில் 15ஐ ம.சீ.ச.வுக்கும் 2ஐ ம.இ.கா.வுக்கும் ஒதுக்கினார் துங்கு. கட்சிக்குள் முணுமுணுப்பு பலமாகவே இருந்தது. கூட்டணி 51 இடங்களில் வென்றது. சம்பந்தன் மலாய்க்காரர் வாக்கையும் வாங்கி ஜெயித்துத் தொழிலாளர் அமைச்சரானார். வாக்கு இல்லாத ஒரு சமூகத்தை மந்திரி சபையில் உட்கார வைத்தது அந்த அரசின் முதல் பலம்.

அதே ஆண்டு டிசம்பர் 28, 29 ஆகிய இரண்டு நாட்களும் உலகத்தின் கண் நம் பாலிங் பட்டணத்தின்மீது இருந்தது. காட்டிலிருந்து இறங்கி வந்த சின் பெங்குடன் அங்குள்ள பள்ளிக்கூடக் கட்டடத்தில் துங்கு பேச உட்கார்ந்தார். சிங்கப்பூரின் டேவிட் மார்ஷலும் ம.சீ.ச.வின் டான் செங் லாக்கும் உடனிருந்தார்கள். சரணடைவது என்ற நிபந்தனையைச் சின் பெங் ஏற்கவில்லை, பேச்சு முறிந்தது. ஆனாலும் பாலிங்கிலிருந்து துங்கு வெறுங்கையோடு திரும்பவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்பு மலாயர் கையில் வந்தால் போரை நிறுத்துவோம் என்ற பொருளில் மறுதரப்பு பேசியிருந்தது. அதையே பிடித்துக்கொண்டு அடுத்த மாதம் லண்டன் போனார். 1956 பிப்ரவரி 8, அவருடைய பிறந்த நாளன்றே, சுதந்திரத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலிங்கைச் சுற்றியிருந்த தோட்டத்து மக்களுக்குக் கிடைத்தது வேறு. முள்வேலியும், சோதனையும், அளந்து தரும் அரிசியும் 1960இல் அவசரகாலம் முடியும்வரை தொடர்ந்தன.

சுதந்திரத்துக்கான அரசியல் சட்டத்தை எழுத ரீட் பிரபு தலைமையில் ஒரு குழு வந்தது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் நாட்டுச் சட்ட வல்லுநர்கள் அதில் இருந்தனர். கூட்டணிக் கட்சிகள் தங்களுக்குள் பேசி முடித்து ஒரே குரலில் அந்தக் குழுவிடம் மனுக் கொடுத்தன. பேரத்தின் சாரம் எல்லாருக்கும் தெரிந்ததே. மலாய்க்காரரின் சிறப்புநிலையை மற்றவர்கள் ஏற்றார்கள், மற்றவர்களுக்குக் குடியுரிமைக் கதவைத் துங்கு திறந்தார். 1957 ஆகஸ்டு 31 அன்றோ அதற்குப் பிறகோ இங்கே பிறக்கும் எந்தக் குழந்தையும் குடிமகன். முன்பே இங்கே பிறந்தவர், கடைசி ஏழு ஆண்டுகளில் ஐந்தாண்டு இங்கே இருந்திருந்தால் பதிந்துகொள்ளலாம். முதல் ஓராண்டுக்கு அவர்களுக்கு மலாய் மொழித் தேர்வுகூட இல்லை. வெளியே பிறந்து வந்தவருக்குப் பன்னிரண்டில் எட்டு ஆண்டு.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய வேண்டுமானால் இலங்கையைப் பார்க்க வேண்டும். அங்கே 1948இல் சுதந்திரம் வந்த சில மாதங்களிலேயே முதல் அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்கள் பல லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. மறுவருடம் வாக்குரிமையும் போயிற்று. அதே கங்காணி முறையில், அதே மாவட்டங்களிலிருந்து, ஏறக்குறைய அதே காலத்தில் கப்பலேறிய மக்கள்தான் அவர்களும். தேயிலைக்குப் போனவர்கள் உரிமை இழந்தார்கள், ரப்பருக்கு வந்தவர்களுக்கு உரிமை வந்தது. இரண்டு முதல் அரசுகளும் எதிரெதிர்த் திசையில் நடந்தன. துங்குவைப் பற்றி வேறு என்ன குறை சொன்னாலும் இதை மறந்துவிட்டுச் சொல்வது நியாயமாகாது. மலாயாவில் 1959 தேர்தலின்போது வாக்காளர் பட்டியலில் மலாய்க்காரரின் பங்கு சுமார் 57 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. நான்கே ஆண்டுகளில் அத்தனை புதுக் குடிமக்கள் உள்ளே வந்திருந்தார்கள்.

ஆனால் பதிந்துகொள்ளலாம் என்பது வேறு, பதிந்தாகிவிட்டது என்பது வேறு. பட்டணத்துக்குப் போக ஒரு நாள் சம்பளம் போகும். பிறப்புப் பத்திரம் இருக்காது. இருந்தால் கிராணி எழுதிய பெயர் ஒன்றாகவும் கூப்பிடும் பெயர் வேறாகவும் இருக்கும். மனு எழுத ஆள் பிடிக்க வேண்டும். ஊருக்குத்தானே போகப்போகிறோம், இது எதற்கு என்று நினைத்தவர்களும் உண்டு. ம.இ.கா.வும் தோட்டத் தொழிலாளர் சங்கமும் லயம் லயமாகப் போய்ச் சொல்லத்தான் செய்தன. அரசாங்கம் மனசு வைத்துச் சட்டம் செய்தது, ஆனால் மனுப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வாசலுக்குள் ஓர் அதிகாரியை அனுப்பவில்லை. அந்த ஓராண்டுச் சலுகை பலருக்குத் தெரியாமலேயே கடந்தது. 1962இல் சட்டம் மாறியது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று வந்தது. அப்பன் பதியாததன் விலையைப் பிள்ளை கொடுக்கத் தொடங்கியது இங்கேதான்.

இதே கதை மற்ற விஷயங்களிலும். 1959க்குப் பிறகு துன் ரசாக் பொறுப்பில் கிராம மேம்பாடு பெரும் வேகம் எடுத்தது. ரோடு, தண்ணீர்க் குழாய், பள்ளிவாசல், மண்டபம் என்று கம்பங்கள் மாறின. நிலமற்றவர்களுக்கு நிலம் கொடுக்க 1956இல் தொடங்கிய ஃபெல்டாத் திட்டங்களில் குடியேறியவர்கள் மிகப் பெரும்பாலும் மலாய்க்காரக் குடும்பங்கள். கெடாவின் நெல்வயல்களுக்கு மூடா அணைத் திட்டம் வந்தது, இருபோகம் விளைந்தது. தோட்டமோ தனியார் நிலம். லயத்துக்கு மின்சாரம், குழாய், ரோடு எல்லாம் துரையின் பொறுப்பு என்று விட்டார்கள். அதனால் கிராம மேம்பாட்டுக் கணக்கிலும் தோட்டம் வரவில்லை, பட்டணக் கணக்கிலும் வரவில்லை. தமிழ்ப்பள்ளியும் அப்படியே. ஆரம்பப் பள்ளியாக அதை வைத்துக்கொள்ள அரசு இணங்கியது நல்லது. 1961 கல்விச் சட்டத்துக்குப் பிறகு இடைநிலைக்கு அரசாங்க உதவி வேண்டுமானால் மலாயோ ஆங்கிலமோதான். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ரிமூவ் வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார வேண்டியிருந்தது. அந்த ஒரு வருடத்திலேயே படிப்பை விட்டுவிட்டுக் காண்டாவாளி தூக்கியவர்கள் எத்தனை பேர்.

இனி, தோட்டத் துண்டாடல். 1950களில் நாடு சுதந்திரத்தை நோக்கிப் போவதைப் பார்த்த வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். சின்னத் துண்டு வாங்கியவனுக்கு லயமும் வேண்டாம், பிள்ளைக்காரக் கொட்டகையும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம். குத்தகைக்காரன் குறைந்த கூலிக்கு ஆள் வைத்து மரத்தை அறுத்தான். மூன்று தலைமுறையாக இருந்த குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியே நின்றன. பேராசிரியர் உங்கு அஸிஸ் இதை ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் விரிவாக எழுதினார். தொழிலாளருக்கும் நாட்டு உற்பத்திக்கும் துண்டாடல் கேடு என்பது அதிலிருந்து தெளிவானது.

அரசு ஏன் தடுக்கவில்லை? இங்கேதான் அரசியல் சட்டத்தின் அமைப்பு குறுக்கே வந்தது. அமெரிக்கா சுதந்திரம் பெற்றபோது அதன் 13 மாநிலங்கள் மத்திய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தைக்கூடக் கொடுக்கவில்லை. போர்வீரனுக்குச் சம்பளம் கொடுக்கவே காங்கிரஸ் மாநிலங்களிடம் கையேந்த வேண்டியிருந்தது. அந்த முதல் ஏற்பாடு தாங்காமல் 1787இல் புதிய அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள். ரீட் குழு அந்தத் தவற்றைச் செய்யவில்லை. பணம், போலீஸ், ராணுவம், கல்வி, தொழிலாளர் நலன் எல்லாவற்றையும் கோலாலம்பூரிடம் கொடுத்தது. ஆனால் நிலத்தை மாநிலங்களிடமே விட்டது. ஆக, தோட்டத் தொழிலாளி மத்திய அரசின் பொறுப்பு, அவன் நிற்கும் நிலம் மாநிலத்தின் பொறுப்பு. துண்டாடலைப் பற்றி முறையிட்டால் நிலம் மாநில விவகாரம் என்று கை காட்ட வசதியாக இருந்தது. வாங்கி விற்றவர்களில் செல்வாக்குள்ளவர்கள் இருந்ததும் வேகத்தைக் குறைத்திருக்கும் என்பது என் எண்ணம். பின்னாளில்தான் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைத் தோட்ட நில வாரியத்தின் அனுமதியின்றித் துண்டாட முடியாது என்று ஆனது. அதற்குள் பல தோட்டங்கள் பெயரே இல்லாமல் போய்விட்டன. இந்த 214ஏ இன்றும் உயிரோடு இருக்கிறது. உங்கள் பழைய தோட்டம் கைமாறுகிறது என்று கேள்விப்பட்டால் முதலில் கேட்க வேண்டியது அந்த அனுமதியைத்தான்.

சட்டத்துக்காகக் காத்திராமல் சம்பந்தன் வேறு வழி பார்த்தார். விற்கிற தோட்டத்தை நாமே வாங்கினால் என்ன? 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய தோட்டச் சம்பளத்தில் 10 வெள்ளி சின்னத் தொகை அல்ல. அமைச்சராக இருந்தவர் இரவில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு கேட்டார். கட்டினார்கள். 1961இல் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம், 3,000 ஏக்கருக்குச் சற்றே குறைவு. அடுத்த ஆண்டுகளில் பதினைந்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. தமிழன் கூலியாக வந்த நாட்டில் தமிழனின் பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கப்பட்டது. துங்கு இதற்குத் தடை சொல்லவில்லை, வாழ்த்தினார். ஆனால் அரசு செய்திருக்க வேண்டியதைத் தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து செய்துகொண்டான் என்பதும் உண்மை.

துங்குவின் ஆட்சி முறையே அப்படி. பிரச்சினை வந்தால் சம்பந்தப்பட்டவரை வீட்டுக்குக் கூப்பிடுவார், சாப்பிட வைப்பார், பேசி முடிப்பார். மந்திரிகள் வேலையில் அதிகம் தலையிடமாட்டார். வெளியுலகில் அவருக்கு நல்ல பெயர். தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு எதிராகக் காமன்வெல்த்தில் துணிந்து பேசினார். 1961இல் அந்த நாடு அமைப்பை விட்டு வெளியேறியது. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவானதும் அவர் முயற்சியே. ஆனால் நாலு பேர் பேசி முடிக்கும் முறை எவ்வளவு சீக்கிரம் சேர்க்குமோ அவ்வளவு சீக்கிரம் பிரிக்கவும் செய்யும். 1965இல் லண்டனில் நோயாகப் படுத்திருந்தபோது சிங்கப்பூரைப் பிரிப்பது என்று அவர் முடிவெடுத்தார். ஆகஸ்டு 9 அன்று நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. அன்றே 126 வாக்குகளில், எதிர்ப்பின்றி, நிறைவேறியது. ஒரு மாநிலம் நாட்டை விட்டுப் போகும் செய்தி மக்களுக்கு அன்றுதான் தெரியும். அதே ஆண்டில் நகராண்மைத் தேர்தல்களும் நிறுத்தப்பட்டன, அவை திரும்பவே இல்லை. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் 1960இல் இந்த அரசு கொண்டுவந்ததுதான். நல்ல மனிதர் கையில் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அன்று பலர் நம்பினார்கள்.

1969 மே 10 தேர்தலில் கூட்டணி தீபகற்பத்தில் 89 இடங்களிலிருந்து 66க்கு இறங்கியது. மே 13 கோலாலம்பூரில் கலவரம். நாடாளுமன்றம் நிறுத்தப்பட்டது. அதிகாரம் துன் ரசாக் தலைமையிலான தேசிய நடவடிக்கை மன்றத்துக்குப் போனது. துங்கு பெயருக்குப் பிரதமர். அவரைக் கடுமையாகத் தாக்கிக் கடிதம் எழுதி அம்னோவிலிருந்து நீக்கப்பட்டவரும் ஒரு கெடாக்காரரே, அலோர்ஸ்டார் டாக்டர் மகாதீர். மலாய்க்காரர் பொருளாதாரத்தில் பின்தங்கிவிட்டார்கள் என்ற கோபமே துங்குவை வீழ்த்தியது. தோட்டத்து லயத்தில் இருந்த வறுமையைப் பற்றி அந்தச் சண்டையில் யாரும் பேசவில்லை.

நமக்குப் பெரிய அடி அப்போதுதான் விழுந்தது. 1968இல் நிறைவேறிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கலவரத்துக்குப் பிறகு கடுமையாக அமலுக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும். நீல ஐசி இருந்தவன் தப்பினான். சிவப்பு ஐசிக்காரன், நாற்பது வருடம் அதே நிரையில் மரம் வெட்டியவனானாலும், அன்னியன். சுமார் 60,000 பேர் நாடு திரும்பினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் மூட்டை முடிச்சோடு ஏறினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே அரசு திறந்துவிட்ட கதவுதான். உள்ளே வரக் காகிதம் இல்லாததால் வெளியே போனார்கள். பெற்றவர் போக, இங்கே பிறந்த பிள்ளைகள் உறவினர் வீட்டில் தங்கிய குடும்பங்கள் கெடாவில் இன்னும் இருக்கின்றன. சிவப்பு ஐசியுடனே கிழவனாகி, கிழவியாகிச் செத்தவர்களும் உண்டு.

1970 செப்டம்பர் 22இல் துங்கு பதவி விலகினார். அதற்கு முதல் நாள்தான் அவருடைய அண்ணன் மகன், கெடா சுல்தான் அப்துல் ஹலிம், மாமன்னராகியிருந்தார். மருமகனுக்குக் கீழே பிரதமராக இருப்பது முறையல்ல என்பது வெளியே சொன்ன காரணம். பின்பு இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் முதல் தலைமைச் செயலாளராக ஜெட்டாவில் இருந்தார். திரும்பி வந்து பினாங்கில் குடியிருந்தார். ஸ்டார் பத்திரிகையில் வாராவாரம் எழுதினார். தான் ஆரம்பித்து வைத்த நாடு போகும் போக்கை அங்கே உரிமையோடு கண்டித்தார். 1987இல் ஓப்பராசி லாலாங்கின்போது பலர் பிடிக்கப்பட்டனர். ஸ்டார் பத்திரிகையின் உரிமமும் பறிக்கப்பட்டது. பிடித்தது அவருடைய அரசு 1960இல் செய்த அதே சட்டத்தின் கீழ்தான். எண்பத்து நான்கு வயதில் அதை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர்.

சம்பந்தன் அவருக்கு முன்பே போய்விட்டார். 1973இல் ம.இ.கா. தலைமையை விட்டார், 1979 மே 18இல் காலமானார். துங்கு 1990 டிசம்பர் 6இல் கோலாலம்பூரில் மறைந்தார். உடலைக் கெடாவுக்குக் கொண்டுவந்து, அலோர்ஸ்டாருக்குப் பக்கத்தில் லங்காரில் உள்ள அரச மையவாடியில், 1941இல் காரைத் திருப்பிக் காப்பாற்றிய தந்தை உறங்கும் இடத்திலேயே அடக்கம் செய்தார்கள்.